இணுவிலாருக்குக் காட்ட வேண்டிய கடதாசி

கிளேய்ற்றன், மெல்பேண்
ஆடி மாதம், 1976

அன்புள்ள மைத்துனர் வரதராஜாவுக்கு,

இவ்விடம் குளிரைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அவ்விடம் நீரும் தங்கச்சி நாகேஸ்வரியும் மகள் ரஞ்சினியும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டு, முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு எங்களுக்குத்தான். நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். "வீடு எமது, கலியாணத்தை நடத்தும்" என்பதற்கு மேல் எழுத மகன் கோபாலகிருஷ்ணன் விடவில்லை. தந்தியில் கதை எழுதக்கூடாதாம். ஆகவே கதையை இதில் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசியும்.

சித்திரையில் உமது கடிதம் வந்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்முடைய தமையன் மகேந்திரராஜா, நான் இங்கே வந்து சேருமுன்னே, போன வருடம் இந்த ஊரில் காலமானார். கொக்குவில் வீடு அவர் உழைத்து வாங்கியது, காணி உறுதியும் அவர் பெயரில். அந்த வீட்டைத்தான் ரஞ்சினிக்குச் சீதனம் என்று நீர் இணுவில் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லியிருக்கிறீர். அவர் மெல்பேணில் ஒரு வெள்ளைக்காரியோடு இருந்தார், வீட்டை அவளுக்கே எழுதிவிட்டுச் செத்தார் என்று எந்தப் புண்ணியவானோ இணுவிலாரின் காதில் போட்டிருக்கிறான். மரணசாசனத்தைக் காட்டாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் சொல்ல, நீர் உடனே பேனையை எடுத்து, "அத்தாட்சியைத் தேடி அனுப்பும், ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாது" என்று எனக்கு எழுதிவிட்டீர். எழுதுவது சுகம், மச்சான். ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவனுக்கு எந்த ரயில் எங்கே நிற்கும் என்று தெரியும். செத்தவரின் மரணசாசனம் எந்த மேடையில் நிற்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

எங்கள் ஊர் வழக்கம் உமக்குத் தெரியும். அரசாங்கக் கந்தோரில் ஒரு கடதாசி எடுக்க வேண்டுமென்றால் எங்கே போவது என்று நாங்கள் கேட்பதில்லை, யாரைப் பிடிப்பது என்றுதான் கேட்போம். பியோனைத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பியோன் மூலம் கிளாக்கரைப் பிடித்து, கிளாக்கரின் மனைவி எங்கள் பக்கத்துப் பெண் என்று கண்டுபிடித்துவிட்டால் அரைவாசி அலுவல் முடிந்தது. இங்கே நான் யாரைப் பிடிக்க? மகனும் மருமகள் பவளமும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். அதோடு நீர் இரகசியம் என்று எழுதியிருந்தீர். அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. யோசித்துப் பார்த்து, அடுத்த தெருச் சடகோபனைப் பிடித்தேன். மெட்ராஸ்காரர், கணக்காளர், யாழ்ப்பாணத்தில் ஒரு குஞ்சு குருமானையும் தெரியாது, ஆகவே ஆபத்தில்லாத மனிதர் என்று கணக்குப் போட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, தனக்கு ஒரு நீதிபதியே பழக்கம் என்றார். நான் அன்றைக்கு இரவு நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு விசாரித்தால், நீதிபதி இவரோடு ஒரே ரயில் பெட்டியில் போகிறவர், ஒரு நாள் தான் வாசித்து முடித்த பேப்பரை இவரிடம் நீட்டியவர், பழக்கம் அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைப் புதுப்பிப்பதற்காக நாங்கள் இருவரும் காலையில் கோட்டு சூட்டோடு பிளாட்பாரத்தில் காத்துநின்றோம். நாள் போனதே தவிர நீதிபதி வரவில்லை. கடைசியில் டிக்கட் பரிசோதகர்தான், அந்த ஐயா விடுமுறையில் குவீன்ஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விட்டார் என்று சொன்னார். இங்கே ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன என்பது மட்டும் எனக்கு அந்தக் கிழமையில் ஆறுதல்.

அதற்குப் பிறகு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சடகோபன் ட்ராமில் இருந்தபடியே ஒரு பெரிய கல்லுக் கட்டடத்தைக் காட்டி, "அதான் சார், பதிவு பண்ற இடம், உள்ள போங்க" என்று என்னை இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். உள்ளே போனால் எல்லோரும் பூச்செண்டோடு நிற்கிறார்கள். செத்தவர்களின் அலுவல் பார்க்கிற இடத்தில் பூ இருப்பது முறைதானே என்று நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிரேக்கப் பொடியனும் ஒரு பெட்டையும். பெட்டை திரும்பி, ஒரு கையெழுத்துப் போட்டு உதவ முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். இந்த நாட்டில் முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நிற்பவர் சாட்சி சொல்வதுதான் ஒழுங்கு போலிருக்கிறது என்று நினைத்து, முழுப் பெயரையும் எழுதி, கீழே "இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர்" என்றும் போட்டுக் கொடுத்தேன். அவள் என் கன்னத்தில் முத்தமிட்ட பிறகுதான் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று விளங்கியது. அது விவாகப் பதிவுக் கந்தோர். ரஞ்சினியின் கலியாணத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன், முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டு, அவர்கள் தந்த கேக் துண்டோடு வீடு திரும்பினேன். தங்கச்சிக்கு வாசித்துக் காட்டும்போது அந்த முத்தம் உள்ள வரியை மட்டும் விட்டுவிடும்.

அடுத்த கிழமை சடகோபன் லீவு போட்டுக் கூடவே வந்தார். இந்த முறை நான் ஆயத்தமாகப் போனேன். நீர் அனுப்பிய மரணச் சான்றிதழ் கையில். அந்தக் காலத்து ரயில்வேத் துரை எழுதித்தந்த, நான் நேரம் தவறாதவன், குடிக்காதவன் என்கிற நற்சான்றுக் கடிதம் பையில். பவளம் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் குசினியில் நானே பிடித்த பயற்றம் உருண்டை ஒரு தகர ரின் நிறைய. கிளாக்கர் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு போகக்கூடாதல்லவா? நீதிமன்றத்தில் மரணசாசனங்களை உறுதிப்படுத்துகிற பகுதியைச் சடகோபன் சரியாகவே கண்டுபிடித்தார். கவுண்டரில் ஒரு பெண், எங்கள் பவளத்தின் வயதுதான் இருக்கும். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். நான் இன்னார், காலமானவர் என் தங்கச்சியின் புருஷனின் தமையன், எங்கள் குடும்பம் மரியாதையான குடும்பம் என்று சொல்லிக்கொண்டே துரையின் கடிதத்தை விரித்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. காலமானவரின் பெயரையும் இறந்த திகதியையும் மட்டும் கேட்டாள். இவள் மறுக்கப் போகிறாள் என்று எனக்குப் பதறியது. குரலை உயர்த்தி, ஒரு பெண்பிள்ளையின் வாழ்வு இதில் இருக்கிறது, மனம் இரங்க வேண்டும் என்று இங்கிலீசில் மன்றாடினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். சடகோபன் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"சார், சும்மா இருங்க. அவங்க குடுக்குறேன்னுதான் சொல்றாங்க."

நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணிடமே திரும்பக் கேட்டேன். நீதிமன்றம் உறுதிப்படுத்திய மரணசாசனம் எல்லோருக்கும் பொது, யாரும் வந்து கேட்டுப் பார்க்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டு அலுவலை யாரும் வந்து பார்க்கலாமா? அப்படியென்றால் நான் பிளாட்பாரத்தில் நீதிபதிக்காகக் குளிரில் விறைத்தது எதற்கு? பயற்றம் உருண்டை பிடித்தது எதற்கு? அவள் அந்த ரின்னையும் வாங்க மறுத்துவிட்டாள். வரிசையில் இருமியவர்களுக்குச் சடகோபன் பங்கிட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருவரும் இருமவில்லை.

மரணசாசனம் இருந்த கோவையை அவள் கொண்டுவந்து வைத்தாள். சடகோபன்தான் பிரித்தார். முதல் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரியின் பெயர் இருந்தது. மிஸிஸ் வில்கின்ஸ். வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் தொடர்ந்து வாசித்தால், அவ அவருக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த கிழவி, மச்சான். அவர் நோயாகக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மனுஷி. அவவுக்குத் தன்னுடைய ரேடியோவையும் பூனையையும் எழுதியிருக்கிறார். அடுத்த வரியில், கொக்குவில் வீடும் வளவும் என் தம்பி மகள் ரஞ்சினிக்கு என்று தெளிவாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். மூக்குக்கண்ணாடி நனைந்து அதற்கு மேல் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அந்த மனுஷன் தனியே ஒரு வாடகை அறையில் கிடந்தும் எங்கள் பிள்ளையை மறக்கவில்லையே என்று நினைத்தேன், அவரைப் பற்றி இணுவிலார் பேசியதையும் நாங்கள் அரைவாசி நம்பியதையும் நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் பார்ப்போமா என்று கேட்டதற்குச் சடகோபன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அதில் சாட்சிகளின் கையெழுத்துத்தான் இருக்கும், ரயில் போய்விடும் என்றார். உறுதி எழுதுகிற உம்முடைய புறக்டருக்கு முத்திரை குத்திய நகல் வேண்டுமென்று அந்தப் பெண்ணிடம் சொல்ல, தபாலில் வரும் என்று எழுதிக்கொண்டாள்.

இரகசியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர். இங்கே இன்னும் கோயில் இல்லை, வெள்ளிக்கிழமையில் யாராவது ஒருவர் வீட்டில் பூசை. அந்த வெள்ளி நான் உள்ளே நுழைய, தேவாரம் முடியுமுன்னே எல்லோரும் "வீடு கிடைச்சிட்டுதாமே" என்று கையைப் பிடித்தார்கள். சடகோபனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரையும் தெரியாது, உண்மை. ஆனால் அவர் மனைவி வைதேகிக்கு மெல்பேணில் எல்லோரையும் தெரியும். பவளமும் அங்கேதான் கேள்விப்பட்டாள். காரில் வரும்போது அவள் கோபிக்கவில்லை.

"மாமா, என்னட்டைச் சொல்லியிருந்தா ஒரு கடிதம் போட்டு எடுத்துத் தந்திருப்பனே. என்னோடை வேலை செய்யிறவள் தன்ரை தகப்பன்ரை மரணசாசனத்தை அப்பிடித்தான் எடுத்தவள்."

ஓம், பிள்ளை சொன்னது சரி. ஆனால் நான் அதையும் பொருட்படுத்தவில்லை. மனம் அவ்வளவு லேசாக இருக்கிறது. இனி நீர் இணுவிலாரின் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்துக் கலியாணத்தை வையும், வீட்டுக்கு வெள்ளை அடியும், மாப்பிள்ளையின் பெயரைச் சேர்த்துச் சீதன உறுதி எழுதப் புறக்டரிடம் சொல்லி வையும். தங்கச்சிக்கு என் அன்பு. ரஞ்சினி எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ, இந்தக் கடல் எல்லாம் தாண்டி வரட்டும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, மனம் குளிர்ந்த (உடம்பும் குளிர்ந்த)
உம்முடைய மைத்துனர்
தேவராஜா

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் முத்திரை குத்திய நகல் தபாலில் வந்துவிட்டது. பவளம் குசினியில் நின்று சத்தமாக வாசித்தாள். அந்த இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும் இல்லை, மச்சான். உம்முடைய தமையன் எழுதியிருப்பது இதுதான்: இந்த வீட்டில் ரஞ்சினி இருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்றுப் படிக்கலாம், ஆனால் சீதனமாக ஒருவனுக்கும் எழுதக்கூடாது, எழுதினால் அன்றைக்கே வீடு மிஸிஸ் வில்கின்ஸைச் சேரும். ஆகவே மேலே நான் எழுதிய வெள்ளையடிப்பு, ஆவணி, சீதன உறுதி எல்லாவற்றையும் வெட்டிவிடும். தந்தியையும் கிழித்துவிடும். பவளம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் ஏனோ துக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் பாரம் இறங்கினதுபோலத்தான் இருக்கிறது. இணுவிலார் வந்தால் கடதாசியைத் தாராளமாகக் காட்டும், இரண்டு பக்கத்தையும் காட்டும். வீட்டைப் பார்த்து வந்தவர்கள் என்றால் எழும்பிப் போவார்கள். பிள்ளையைப் பார்த்து வந்த பொடியன் என்றால் இருப்பான். இருந்தாலும், அவனை இருக்கச் சொல்வதா என்று வீட்டுச் சொந்தக்காரியைக் கேளும். நீரும் நானும் இவ்வளவு கடிதம் எழுதினோம், ரஞ்சினியை இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.