சுவரைத் துளைத்துப் பார்க்கும் பித்தளைக் குண்டு

பள்ளிக்கூட வாசலில் காலையிலிருந்தே கூட்டம். தேர்வு முடிவு பார்க்கக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. ஊசல் மேதை வந்திருக்கிறார்! பிள்ளையின் உள்ளங்கைக்கு மேலே, நூலில் கட்டிய பித்தளைக் குண்டைப் பிடிப்பார். வட்டமடித்தால் அறிவியல். நெடுக்கே ஆடினால் வணிகம். அசையாமல் நின்றால் படிப்பே ஏறாது. எல்லாம் அரை நிமிஷம்தான். அப்புறம் ஆசிரியர்கள் எதற்கு? வரிசையை ஒழுங்குபடுத்தத்தான்!

நூலக ஆசிரியைக்கு அந்த வேலைகூடக் கொடுக்கவில்லை. அவருடைய ஆய்வு வகுப்பில் விடை கிடைக்காது, கேள்விதான் கிடைக்கும் என்று ஏற்கெனவே பெற்றோர் புகார்.

தையற்காரரின் மகள் அழுதுகொண்டு நூலகத்துக்குள் வந்தாள்.

"டீச்சர், எனக்குக் குண்டு அசையவே இல்ல. படிப்பே வேணாம்னு அப்பா இன்னிக்கே எழுதிக் குடுக்கப் போறாரு."

'அத்தனையும் புரட்டு' என்று சொல்ல ஆசிரியைக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். சொன்னால் மேதையை விட்டுவிட்டு டீச்சரை நம்புவாள். வேறென்ன மாறிவிடும்? அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"குண்டு பார்க்கிறது உன் கையையா, உன்னையா?"

அவள் மூக்கைத் துடைத்தாள். யோசித்தாள்.

"டாக்டர் பையனுக்கு மட்டும் ஜோராச் சுத்துச்சு... முகத்த மறைச்சுட்டுக் கைய நீட்டிப் பார்க்கலாமா?"

"கையே ஆளைக் காட்டிக் குடுத்துட்டா?"

"லேப்ல ரப்பர் கையுறை இருக்கே! ஒரே கையத் திரும்பத் திரும்ப நீட்டலாம் டீச்சர்!" அழுகை போன இடம் தெரியவில்லை.

கூடத்தில் அவளே எழுந்து கேட்டாள். "ஐயா, கையுறை போட்டிருந்தா குண்டுக்குத் தெரியுமா?"

"கையுறையா? சுவரையே துளைச்சுப் பார்க்கும்மா!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திரை கட்டினார்கள். மேதையின் மகிமையை நிரூபிக்க, அவரை அழைத்துவந்த தலைமையாசிரியையே முதல் ஆளாகத் திரைக்குப் பின்னால் போனார். பக்திக்கு அளவே இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு தையற்காரர் மகளும் இன்னும் சில பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள்.

முதல் கை. குண்டு வட்டமடித்தது. "பிறவி விஞ்ஞானி!"

இரண்டாவது கை. நெடுக்கே ஆடியது. "பெரிய வியாபாரி!"

மூன்றாவது கை. மறுபடி வட்டம். "மருத்துவ மேதை!"

நான்காவது கைக்கு அசையவே இல்லை. மேதை உதட்டைப் பிதுக்கினார். "மரமண்டை. மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல."

திரையை விலக்கினார்கள். முதல் மூன்றும் தையற்காரர் மகளின் ஒரே வலது கை. நான்காவது, தலைமையாசிரியையுடையது. இரண்டு பட்டம் வாங்கிய கை!

"கூடத்துல காத்து அதிகம்..." மேதை நூலைச் சுருட்டினார்.

தையற்காரர் முன்னால் வந்தார். "காத்துக்கு ஆடுற குண்டை நம்பியாய்யா என் பொண்ணு படிப்ப நிறுத்தப் பார்த்தேன்?" எழுதிவைத்திருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

கலைந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் நூலக ஆசிரியையின் காதருகே வந்தார். "இவர் சரியில்ல, போகட்டும். வேற நல்ல மேதை யாராச்சும் தெரியுமாம்மா?"

கேள்வி கேட்கச் சோம்பல்படும் ஊரில் மேதைகளுக்கா பஞ்சம்? அடுத்தவர் வருவதற்குள் கொஞ்சம் யோசித்து வையுங்கள். அதற்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.