பெற்றோர் இருவரும் வரவும்

'பெற்றோர் இருவரும் குழந்தையுடன் நேரில் வரவும்' என்று சென்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அட்டை வந்த நாளிலிருந்து பாக்கியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. இருவருக்கு அவன் எங்கே போவான்? விக்டோரியா காசநோயில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த வயதில் வாத்தியாரின் பிரம்பு பட்டு வளைந்த இடது சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை. மகள் பிலோமினாவை அடிக்காத பள்ளிக்கூடத்தில்தான் போடுவது என்று ஒற்றைக்காலில் நின்றான். லீவு போட்டுப் பட்டணமெல்லாம் அலைந்தான். முதல் பள்ளியில் பிரம்பு மேஜை மேலேயே கிடந்தது. அடுத்ததில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. "இங்கே பிரம்பே கிடையாது. ஸ்கேல்தான்" என்றார் மூன்றாவது பள்ளியின் தலைமை ஆசிரியர், பெருமையாக.

நாலாவதில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டும் மரக்கட்டை அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். ஒரு வாண்டு டீச்சரின் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குத்தான் இந்த அட்டை.

தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த திருவள்ளூர் வரதன் அட்டையை இரண்டு முறை படித்தார்.

"அம்மா இல்லாத குழந்தைன்னா யோசிப்பா. ராயபுரத்துல உன் தங்கை இருக்காளே, அவளை அழைச்சுண்டு போ. ஒரு மணி நேரந்தானே."

பிலோமினா தங்கிப் படிக்கப் போவதும் அந்தத் தங்கை ஆரோக்கியமேரியின் வீட்டில்தான். ஆனாலும் அம்மாவாக நடிக்க அவள் பயந்தாள்.

"அண்ணி மாதிரி பேச எனுக்கு வராதேண்ணா."

"நீ வாயே தொறக்காத. இன்னா கேட்டாலும் தலைய ஆட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

விக்டோரியாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் வந்து நின்றபோது, பாக்கியராஜ் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

தலைமை ஆசிரியை கோமளவல்லி நேராக ஆரோக்கியமேரியைத்தான் கேட்டாள்.

"குழந்தை எப்போ நடக்க ஆரம்பிச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எப்போன்னு கேட்டேன்."

"ஏழு மணிக்கும்மா. பஸ்ஸே கிடைக்கல."

"பத்தாம் மாசத்துலம்மா" என்று குறுக்கே விழுந்தான் பாக்கியராஜ். "அவளுக்குக் கொஞ்சம் காது மந்தம்."

கோமளவல்லி குரலை உயர்த்தினாள். "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"நாலு வருசம்" என்று ஆரோக்கியமேரியும் கத்தினாள். தன் கல்யாணத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பிலோமினாவுக்கு வயது ஐந்து.

"ஞாபக மறதியும் உண்டும்மா."

ஆரோக்கியமேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாண்ணா, செவுடுன்ற, மறதின்ற. அவுங்க மின்னாடி இப்படியா சொல்லுவ?"

கோமளவல்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க ஊர்ப் பக்கம் புருசனை அண்ணான்னுதாம்மா கூப்பிடுவாங்க" என்றான் பாக்கியராஜ். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கோமளவல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று அவன் நினைத்தான். கொஞ்சம் பொறுத்து அவள் பிலோமினாவை அருகில் கூப்பிட்டாள்.

"இவங்க யாரும்மா உனக்கு?"

"அத்தை" என்றது குழந்தை. "அம்மா புதுவாயல் கல்லறையில இருக்காங்க. அங்க போனா நைனா அழுவாரு."

பாக்கியராஜ் எழுந்து நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மன்னிச்சுருங்கம்மா. இதும்மேல அடி வுழாத எடமா வேணும்னு…"



கோமளவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவனைப் பார்க்காமலே, "திங்கட்கிழமை கொண்டுவந்து விடுங்கோ" என்றாள். ஓர் அட்டையில் பிலோமினாவின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பாக்கியராஜுக்குச் சந்தோஷம் வரவில்லை. செத்துப்போனவளின் புடவையை இன்னொருத்திக்குக் கட்டிவிட்டு, பொய் சொல்லி, அந்தப் பொய்யிலும் மாட்டிக்கொண்டு, கடைசியில் பரிதாபத்தைக் காட்டி ஓர் இடம் வாங்கியிருக்கிறோம் என்று நெஞ்சு எரிந்தது.

"வேணாம் மேரி. அய்யோ பாவம்னு போட்ட எடத்துல எம்பொண்ணு உக்கார வேணாம். ஊர்லயே சேத்துர்றேன்."

"அண்ணா, அங்க உன் வெரல வளச்ச அந்த வாத்தியாரு இன்னும் இருக்காருண்ணா."

அவன் கேட்டருகே பிள்ளைகளின் செருப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த ஆயா பூவம்மாளிடம் போய் அட்டையை நீட்டினான்.

"இத்த உள்ள குடுத்துரும்மா. இரக்கப்பட்டுக் குடுத்தது எங்களுக்கு வேணாம்னு சொல்லிரு."

பூவம்மாள் அட்டையில் கை வைக்கவில்லை. அதிலிருந்த பேரைப் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி, போன வருசமே பக்கத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து இருமிக்கினே நடந்து வந்து இந்தப் பொண்ணு பேர எழுதிவெச்சது உன் ஊட்டுக்காரிதான், 'நான் இருக்க மாட்டேன், அடி வுழாத எடம் தேடி அவுரு இங்கதான் வருவாரு, யாரையாவது அம்மான்னு இட்டாருவாரு, கோச்சுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."