ஆந்தை ராணிக்கு ஆர் கொளுக்கி பூட்டினது?

கிட்ட வந்து இருங்கோ. அந்தக் கதிரையையும் இழுத்துக்கொண்டு வாங்கோ. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல ஏலாது. பாலேந்திரா டென்மார்க்கில் இந்த ஹோர்சன்ஸ் ஊரில் எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். காதில் விழுந்தால் ஒரு மாசத்துக்கு என்னோடு கதைக்கமாட்டார். கதைக்காமல் விட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, அது வேறு விசயம். மனுசன் அப்படி. வாயைத் திறந்தால் முத்துக் கொட்டுண்டு போகும் என்ற பயம்.

அவருக்கு லாகரில் வேலை, பெரிய சாமான் கிடங்கு. விடியக் காலமை போனால் பின்னேரம் ரெண்டரைக்கு வீடு. மனுசி மங்கையற்கரசிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. ரெண்டரைக்குத்தான் சைக்கிளை எடுப்பா. ஆக, புருசனும் பெண்சாதியும் சந்திக்கிற இடம் வாசலில் இருக்கிற சப்பாத்துத் தட்டு. ஒராள் சப்பாத்தைக் கழட்ட, மற்றாள் சப்பாத்தைப் பூட்ட.

"கறி அடுப்பில இருக்கு."

"ம்."

"சைக்கிளுக்குக் காத்து இல்லை."

"ம்."

இதுதான் முப்பது வருசக் குடும்பம். மிச்சமாய் இருந்தது ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் அவவுக்கு வாற லீவு ஞாயிறு. அந்த ஒரு ஞாயிறுக்காகப் பாலேந்திரா பதின்மூன்று நாள் பெட்டி தூக்கினார் என்று சொன்னால் நம்புவியளோ? மனுசி அப்ப நம்பியிருக்கமாட்டா. அவவுக்கு அவர் சொன்னதேயில்லை.

மகள் சுஜீதா ஓகூஸ் நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். அவள் ஒருநாள் வந்து ரீவியில் "ஏழு கோட்டை" என்று ஒரு தொடரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ் அளவு ஆந்தையில் ஏறிப் பறக்கிற ஒரு ராணி. பனி அரக்கன், மந்திரவாதி, எல்லாம் இருக்கு. ராணியின் ஒரு உடுப்பைத் தைக்க நாற்பது பேர் ஒரு வருசம் குந்தியிருந்தவையாம். எட்டுப் பாகம். பாலேந்திரா கணக்குப் போட்டார். ஞாயிறுக்கு ரெண்டு பாகமாய், நாலு ஞாயிறு. செற்றியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பாக்கலாம்.

முதல் ஞாயிறு. தேத்தண்ணி, பற்றிஸ், ஒரு போர்வை. எல்லாம் அவரே எடுத்து வைத்தார். ஆந்தை செட்டையை விரிக்கமுதல் மங்கையற்கரசி நித்திரை. வாய் திறந்தபடி. ஏழு கிழவன் கிழவியரை ஒவ்வொரு பின்னேரமும் உடுப்பு மாத்திப் படுக்க வைக்கிற மனுசி, பாவம். பாலேந்திரா போர்வையை இழுத்து மூடிவிட்டுத் தனியாய்ப் பார்த்தார். பக்கத்தில் ஆள் இருக்க, ஆளில்லாத மாதிரி ஒரு தனிமை. ரீவியில் ஒரு ராணி, செற்றியில் ஒரு ராணி. ரெண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆந்தை ராணி வெள்ளைச் சட்டையோடு படியிறங்கி வந்தாள். பாலேந்திரா தன்பாட்டில் முணுமுணுத்தார்.

"நல்ல வடிவான உடுப்பு."

ஒரு கண் திறந்தது. நித்திரையிலும் காது ரீவியில்தான் இருந்திருக்கு.

"எது?"

"அந்த வெள்ளைச் சட்டை. முதுகு முழுக்கக் கொளுக்கி. முப்பது இருக்கும்."

மற்றக் கண்ணும் திறந்தது.

"ஆர் பூட்டினது?"

"என்ன?"

"முதுகில முப்பது கொளுக்கி. கோட்டையில அவ தனியத்தானே இருக்கிறா? அப்ப ஆர் பூட்டிவிட்டது, ஆந்தையோ?"

"அது… வடிவுக்குத்தானே, மங்கை."

"வடிவோ? தோளில அம்பு பட்ட மனுசி அவ. அந்த இறுக்கமான கைக்குள்ள நோகிற தோளை எப்பிடி விட்டவ? போடேக்க நோகிற கையைத்தான் முதல் விடவேணும். கழட்டேக்க நல்ல கையை முதல் எடுக்கவேணும். நாற்பது பேர் இருந்து தைச்சவையாம், ஒருத்தரும் ஒரு மனிசருக்கு உடுப்புப் போட்டுவிட்டதில்லைப் போல!"

எழும்பி நிமிர்ந்து இருந்தா. பற்றிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தா. அரை மணித்தியாலம் விடாமல் கதைத்தா. மந்திரவாதியின் சட்டைத் தெறி சின்னன், நடுங்கிற விரலுக்குச் சரிவராது. அரசனின் வால் நீண்ட மேலங்கியில் கால் தடக்கி விழுந்து இடுப்பு முறியும். பாலேந்திரா ரீவியைப் பார்க்கவேயில்லை. அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்டைக்கே மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இனி ஒவ்வொரு லீவு ஞாயிறும் உடுப்பைப் பற்றிப் பிழையாய்த் தீர்ப்புச் சொல்லுறது!

லேசான வேலை என்று நினைக்காதையுங்கோ. பிழையாய்ச் சொல்லவும் படிப்பு வேணும். "நீர் இல்லாமல் பாக்கமாட்டன்" என்று அவவுக்குச் சொல்லிவிட்டு, கிழமை நாளில் அவ வேலைக்குப் போனதும் கள்ளமாய் இருந்து பார்ப்பார். எந்த உடுப்பு மோசமோ அதைக் கடை விளம்பரத் தாளின் ஓரத்தில் குறிப்பார். ஞாயிறு வந்ததும் அதைத் தலையில் தூக்கி வைத்துப் புகழுவார். மனுசி பாய்ந்து விழுந்து கிழிப்பா. பாலேந்திராவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

மூன்றாம் ஞாயிறு கொஞ்சம் கூடிப்போச்சுது. திரையில் ரெண்டு வேலைக்காரர் ஒரு வீரனுக்கு இரும்புக் கால்கவசம் மாட்டிக்கொண்டு நின்றினம்.

"இதுக்கு ரெண்டு பேர் வேணுமோ?" என்றார் பாலேந்திரா. "காலுக்குப் போடுறதில என்ன வித்தை இருக்கு? நானெண்டால் ரெண்டு நிமிசத்தில தனியப் போடுவன்."

மங்கையற்கரசி எழும்பிப் போனா. கால் வீக்கத்துக்கு வயசான ஆக்களுக்குப் போடுகிற இறுக்கச் சொக்ஸ் ஒன்றோடு வந்தா. புதுசாய் வேலைக்கு வாற பிள்ளையளுக்குப் பழக்கிறதுக்கு அவவின் பையில் எப்பவும் ஒன்று கிடக்கும்.

"இது இரும்பு இல்லை, அப்பா. துணிதான். போடுங்கோ."

"இதென்ன பெரிய வேலை!"

விரல் உள்ளே போனது. பாதம் போகவில்லை. இழுத்தார். குதிக்கால் வரவேண்டிய இடம் பெருவிரலில் வந்து நின்றது. இன்னும் இழுத்தார். செற்றியில் இருந்து உருண்டு கம்பளத்தில் ஆமை மாதிரிக் கவிண்டார். பனி அரக்கன் கோட்டையை உடைத்த சத்தத்தை விட அது பெரிய சத்தம்.

"எத்தினை நிமிசம்?"

"இதை… இதை முதல் கழட்டிவிடும், மங்கை. கால் செத்துப்போச்சு!"

அவ சிரித்த சிரிப்பு! கண்ணால் தண்ணி வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இப்படி அவ சிரித்து எத்தனை வருசம்? பாலேந்திரா கீழே கிடந்தபடி யோசித்தார். தினமும் ஒரு சொக்ஸ் போட்டாலும் பரவாயில்லை.

சொக்ஸைக் கழட்டிச் சுருட்டிக்கொண்டே அவ சொன்னா:

"இஞ்சேருங்கோ, சொல்ல மறந்துபோனன். வேலையில ஸ்ரெபானி கேட்டவ." ஸ்ரெபானி அவவுக்கு மேலாள். "என்ர லீவு ஞாயிறையும் நான் வேலை நாளா எடுப்பனோ எண்டு. ஆள் காணாதாம். ரெண்டு கிழமைக்குள்ள மறுமொழி சொல்லவேணும். என்ன சொல்ல?"

வேண்டாம், போகாதையும், எனக்கு இருக்கிறது அந்த ஒரு நாள்தான். பாலேந்திராவுக்கு இவ்வளவும் தொண்டை மட்டும் வந்தது. வாயால் வந்தது வேறு.

"உம்மட விருப்பம்."

அவ சுருட்டின சொக்ஸைப் பைக்குள் போட்டா.

"என்ர விருப்பமோ? சரி."

பார்த்தியளோ விசர்க் கூத்தை! வாயால் ஒரு சொல் சொன்னால் முடிகிற விசயம். மனுசன் என்ன செய்தார் தெரியுமோ? நாலாம் ஞாயிறை, கடைசி ஞாயிறை, அவ விட்டுப்போக மனம் வராத அளவுக்குத் திறமாய்ச் செய்துவிட்டால் அவவாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவா என்று திட்டம் போட்டார். கடைசி ரெண்டு பாகத்தையும் மூன்று தரம் பார்த்தார். பன்னிரண்டு பொய்த் தீர்ப்பு. எல்லாம் பாடம்.

ஞாயிறு வந்தது. வெளியில் தூறல் மழை, மூன்று மணிக்கே மம்மல் இருட்டு. உள்ளே தேத்தண்ணி ஆவி பறக்குது. பாலேந்திரா பன்னிரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். சோதனைக்குப் போற பிள்ளை மாதிரி. பதட்டத்தில் வாய் முந்திப்போச்சுது.

"அந்தச் சிவப்புப் போர்வையில என்ன வடிவான தையல்!"

"எந்தச் சிவப்பு?" என்றா அவ.

திரையில் ஒரு குதிரை மட்டும் நின்றது. கறுப்புக் குதிரை.

பாலேந்திரா குதிரையைப் பார்த்தார். குதிரை பாலேந்திராவைப் பார்த்தது. பிறகு ஆடிப்பாடி, ஆறுதலாய், ஆந்தை ராணி சிவப்புப் போர்வையோடு வாசலால் வந்தாள்.

மங்கையற்கரசி ரீவியை நிற்பாட்டினா.

"முதலே பாத்தனீங்களோ?"

பாலேந்திரா தேத்தண்ணிக் கோப்பையை அவவின் பக்கம் தள்ளினார்.

"எத்தினை தரம்?"

"மூண்டு."

ஏசுவா என்று காத்திருந்தார். அவ ஏசவில்லை. இனி எழும்பிப் போய்ப் படுத்துவிடுவா, நாளைக்கு ஸ்ரெபானிக்கு ஓம் என்று சொல்லுவா, கதை முடிஞ்சுது என்று நினைத்தார். அவ தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தா. திரையில் அசையாமல் நின்ற ராணியைப் பார்த்து மெல்லமாய்ச் சொன்னா:

"நான் டென்மார்க்குக்கு வந்து இறங்கின அண்டைக்கு இவவை விட வடிவா உடுத்தியிருந்தனான். பச்சைச் சேலை."

"பச்சையோ?"

"ஓம். பச்சை. அதுக்குப் பொருத்தமா அளவான கோட்டு. நல்ல சப்பாத்து."

பாலேந்திரா செற்றியில் இருந்து துள்ளி எழும்பினார்.

"எந்தப் பச்சை? ஆர் உமக்குச் சொன்னது? மஞ்சள்! மாம்பழ மஞ்சள்! ஊதாக் கரை!"

"நாவற்பழ நிறம்," என்று அவ வாய்க்குள் சொன்னா. அவர் கதைத்த வேகத்தில் அது காதோடு நின்றுவிட்டது, மண்டைக்குள் போகவில்லை.

"கோட்டு அளவோ? அது ஆரோ ஆம்பிளையின்ர கோட்டு! கை நீளம். உம்மட விரல் நுனி மட்டும்தான் தெரிஞ்சது. இடக்கையில தெறி இல்லை, பின் குத்தியிருந்தது. சப்பாத்து எங்கை போட்டனீர்? செருப்பு! பெப்ரவரி மாசம், வெளியில முழங்கால் மட்டும் பனி. வெள்ளைச் சொக்ஸ் போட்டு, பெருவிரலுக்குப் பக்கத்தில சொக்ஸைக் கிள்ளி, அந்த இடுக்குக்குள்ள செருப்பு வாரை விட்டிருந்தனீர்…"

குரல் இறங்கிவிட்டது.

"நீர் வாறதுக்கு அஞ்சு வருசம் வழி பாத்துக்கொண்டிருந்தனான், மங்கை. உம்மைக் கண்டதும் என்ன சொல்லவேணுமெண்டு ரயில் முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். அப்ப கடலுக்கு மேலால பாலம் இல்லைத்தானே, ரயிலைக் கப்பலில ஏத்திக் கொண்டுபோவாங்கள். அந்தக் கப்பல் தட்டில நிண்டும் குளிருக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தனான். கடைசியில விமான நிலையத்தில கதவு திறந்து நீர் வாறீர். எனக்கு அந்தச் சொக்ஸ்தான் தெரிஞ்சது. இந்தப் பிள்ளை இந்தக் காலோடையோ என்னட்டை வந்தது எண்டு… பாடமாக்கினது ஒண்டும் வாயில வரேல்லை."

"அதுக்கு?"

"அதுதான், 'சூட்கேஸ் எத்தினை?' எண்டு கேட்டனான்."

"ரெண்டு," என்றா மங்கையற்கரசி. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா. "பாடமாக்கினது என்ன?"

"அது பழசு, விடும்."

"சொல்லுங்கோ."

சொன்னார். என்ன சொன்னார் என்று என்னைக் கேளாதையுங்கோ. இந்தக் கதை முழுக்க, அவர் பிறகு ஒப்புக்கொண்ட கள்ளமும் சேர்த்து, எனக்குச் சொன்னவ மங்கையற்கரசிதான். அதை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டா. ஆனால் முப்பது வருசமாய்ப் பூட்டிக் கிடந்த வாய் ஒருக்கால் திறந்தால் லேசில் மூடாது கண்டியளோ. அந்தச் சூட்டிலேயே மற்றதும் வந்து விழுந்தது.

"அந்த ஞாயிறு வேலையை எடுக்காதையும். நீர் நித்திரை கொண்டாலும் பரவாயில்லை. எனக்குப் பக்கத்தில இருந்தால் காணும்."

"அதை ஸ்ரெபானி கேட்ட அண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

பாலேந்திரா வாயைப் பிளந்தார்.

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்டனீர்? ரெண்டு கிழமை நான் சோறு தண்ணி இல்லாமல்…"

"நீங்கள் ஏன் மூண்டு தரம் ஆந்தை பாத்தனீங்கள்?"

பாலேந்திரா அவவுக்குப் பக்கத்தில் வந்தார். இருந்தார். அப்போதுதான் காதோடு நின்ற அந்தச் சொல் மெல்ல மெல்ல நடந்து மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது.

"பொறும், பொறும். கரை நாவற்பழ நிறம் எண்டனீர்! அப்ப அது மஞ்சள் சேலை எண்டு உமக்கு வடிவாத் தெரியும்!"

"பச்சை," என்று சொல்லிவிட்டு, மங்கையற்கரசி அவரின் கையை இழுத்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினா.