வாசலில் பச்சை, கொட்டகையில் கார்

அன்பு மச்சான் திருவேங்கடத்துக்கு,

திருப்பதியிலிருந்து ஆதிநாராயணன் எழுதுவது. உன் அக்கா ரத்தினம்மாவும் நானும் சௌக்கியம், கார்தான் சௌக்கியமில்லை. சித்தூரில் நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இருந்தால் திங்கட்கிழமை நீ இங்கே கட்டாயம் வரவேண்டும். போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்பதால் கடிதம்.

எங்கள் தெரு ஓரம் முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்து, சைக்கிள் பாதை என்று விட்டுவிட்டார்கள். வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்தது சரியாக நம் வாசலில், இனி அங்கே கார் நிறுத்தக் கூடாதாம். பையன் ஹரிபிரசாத் ஆசையாக வாங்கிக் கொடுத்த கார் மூன்று தெரு தள்ளி எருமைக் கொட்டகையில் நிற்கிறது. ஏறினால் சாணி நாற்றம், இறங்கினால் எருமை முறைக்கிறது. விடுவேனா? பாதையை எடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். இதில் சைக்கிளே போவதில்லை என்று நிரூபிக்க, ஒரு வாரம் மாடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வந்தது மூன்றே சைக்கிள். ஒன்று பால்காரருடையது. இன்னொன்று பஞ்சராகித் தள்ளிக்கொண்டு போனது. மூன்றாவது, தினமும் விடியற்காலையில் சுடிதார் போட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒரு பொம்பளை. கோணல்மாணலாக ஓட்டி நம் கேட்டிலேயே இரண்டு தரம் மோதினாள். யார் வீட்டு அம்மாவோ, கேட்க ஆளில்லை! உன் அக்காவுக்குக் காட்டலாம் என்றால் அவள் அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுகிறாள்.

ஆயுத பூஜையன்று காரை வாசலுக்குக் கொண்டுவந்து பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தேன். உன் அக்கா மிச்ச மஞ்சள் குங்குமத்தைத் தரையிலிருந்த சைக்கிள் படத்துக்கு வைத்து, "இதுவும் வண்டிதானே" என்று கற்பூரம் காட்டினாள். நானும் பழக்கதோஷத்தில் ஒரு கும்பிடு போட்டேன். அங்கேதான் கெட்டேன், மச்சான்! மறுநாள் யாரோ பூ வைத்தார்கள். அதற்கு மறுநாள் எதிர்வீட்டுக் கமலம்மா கோலம் போட்டு விளக்கேற்றினாள். நம் வாசலை மட்டுமாவது சுரண்டலாம் என்று ஒரு ஆளை மெஷினோடு அழைத்து வந்தால், அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "பூஜ சேசின தானி மீத மிஷின் எலா பெட்டேதி சார்?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். பூஜை செய்ததன் மேல் மெஷின் வைக்க மாட்டானாம். "நீயே கும்புட்டுக்கினு நீயே எடுக்கச் சொன்னா எப்படிண்ணா?" என்று கமலம்மா சிரிக்கிறாள்.

திங்கட்கிழமை மாநகராட்சிக் கூட்டத்தில், பாதை இருப்பதா போவதா என்று முடிவு செய்கிறார்கள். நீ வந்து, அந்தப் படத்தில் வழுக்கி விழுந்தேன் என்று இரண்டு வார்த்தை சொல். நொண்டிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கார் நிறுத்த இடமுள்ள வீட்டில் வாழ ஆசீர்வதிக்கும்,
ஆதிநாராயணன்

பி.கு.: வரவேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள், நேற்று விடியற்காலை கேட்டில் மூன்றாம் தரம் சத்தம். திட்டிக்கொண்டே கீழே ஓடினேன். துப்பட்டா விலகி, கீழே விழுந்து கிடந்தது உன் அக்கா! சைக்கிளும் சுடிதாரும் பக்கத்து வீட்டுக் காவ்யாவுடையது. "நைனா தம்பிக்கு மட்டுந்தான் சைக்கிள் கத்துக்குடுத்தாரு. லாரிக்குப் பயந்துக்கினே இத்தினி வருசம் ஓடிப்போச்சு. இந்தப் பாதை வந்தப்புறந்தான் ஏறினேன். எடுத்துடாதீங்க" என்று அழுதாள். அந்தப் படத்துக்குப் பொட்டு வைத்ததும் அதற்காகத்தானாம். அவளை எழுப்பி மறுபடியும் சைக்கிளில் ஏற்றினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். தெருமுனையில் "விடுங்க" என்றாள். விட்டேன். நேராகப் போனாள், மச்சான்!

திங்கட்கிழமை பாதை வேண்டும் என்று நானே பேசப்போகிறேன். கார் எருமையோடேயே இருக்கட்டும். உன் பழைய சைக்கிளை மட்டும் ரயிலில் ஏற்றிவிடு. இதோ பெல் சத்தம் கேட்கிறது, கேட்டைத் திறக்க ஓடுகிறேன். அவளுக்கு இன்னும் பிரேக் பிடிக்க வரவில்லை.