பிள்ளையார் சதுர்த்தியன்று 372

குற்றத்தை ஒப்புக்கொள்வது நல்ல குணம்தான். கேட்டதற்கு மேல் ஒப்புக்கொள்வது அசட்டுத்தனம். இது எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், செம்பூர் வீட்டுச் சமையலறையில், ஒரு சொட்டு ரத்தம் சிந்திய பிறகுதான் விளங்கியது.

அந்த வருஷம் டாக்டர் எனக்குச் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிவைக்க வேண்டும். குறையாவிட்டால் இன்சுலின் ஊசி. எனக்கு ஊசி என்றால் நடுக்கம். (தினமும் விரலைக் குத்திக்கொள்கிறவனுக்கு என்ன நடுக்கம் என்று கேட்காதீர்கள். இருந்தது.) என் மனைவி விஜயா, சட்டத்தை அமல்படுத்துவதில் டாக்டரையே மிஞ்சினாள். காலிஃபிளவரைத் துருவி வைத்து, இதுதான் இனிமேல் சாதம் என்றாள். சாம்பாரை ஊற்றிக்கொண்டு நானும் நம்பப் பார்த்தேன். நாக்கு நம்பவில்லை.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. எங்கள் வீட்டில் நைவேத்தியம் ஆகும்வரை யாரும் எதையும் வாயில் போடக் கூடாது. கொழுக்கட்டைக்குப் பூரணம் உருட்ட மகள் ஆர்த்தியை நம்ப முடியாது. பாதி அவள் வாய்க்குள் போய்விடும். எனக்கோ சாமியும் தடை, டாக்டரும் தடை. ஆகவே வீட்டிலேயே நம்பகமான ஆள் நான்தான் என்று விஜயா முடிவு செய்தாள். வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் மணக்க மணக்க நாற்பது உருண்டை உருட்டினேன். ஒரு துணுக்குகூட வாயில் வைக்கவில்லை. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வத்தோடு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினேன். மெஷின் 372 என்றது.

விஜயா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, பூரணத்தை வாயில போட்டுண்டேளா? பிள்ளையாருக்குக் காட்டறதுக்கு முன்னாடியே?"

பிள்ளையார்மேல் சத்தியமாக இல்லை என்றேன். அப்படியானால் இந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்றாள். நியாயமான கேள்வி. கண்முன்னே ஊசி தெரிந்தது. உண்மையிலேயே பயந்துபோனேன். மூளைக்கு ஒரே ஒரு காரணம்தான் எட்டியது.

"நேத்திக்கு ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு வடாபாவ் சாப்ட்டேன்."

அவள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், திங்கட்கிழமை பன்னும் உருளைக்கிழங்கு வடையுமாக உள்ளே போன இன்னொரு வடாபாவ், தினமும் மூன்று மணிக்குச் சர்க்கரை போட்ட அரை டம்ளர் கட்டிங் சாய், ஆபீஸ் பார்ட்டியில் இரண்டு கிண்ணம் பாசுந்தி எல்லாவற்றையும் நானாகவே வரிசையாகச் சொன்னேன். இரண்டாவது கிண்ணத்தை வழித்து நக்கியது உட்பட.

அப்போதுதான் ஆர்த்தி குளித்துவிட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அரே அப்பா, கை அலம்பினியா? விரலெல்லாம் வெல்லம், அதைத்தான் மெஷின் காட்டறது. சோப்பு போட்டு அலம்பிண்டு வந்து வேற விரல்ல பாரு."

அலம்பினேன். வேறு விரலைக் குத்தினேன். 121.

நான் சிரித்தேன். ஆர்த்தி சிரித்தாள். விஜயா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, நம்பர் சரியாப் போச்சு," என்றாள் நிதானமாக. "அந்தப் பாசுந்தி என்னிக்கு?"

ஊசி போடாமலே தப்பித்தேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து நான் ஆபீஸிலிருந்து கிளம்பி ரயில் ஏறும்வரை, என் வாய் காலியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விஜயா போனில் பேசிக்கொண்டே இருந்தாள். ரிட்டையர் ஆகும்வரை இது நடந்தது.

ஆர்த்திக்குக் கல்யாணமான முதல் மாதமே மாப்பிள்ளைக்கு இந்தக் கதை சொல்லப்பட்டுவிட்டது. இப்போதெல்லாம் ஆர்த்தி அவரிடம், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், அவர் பதில் சொல்ல அவசரப்படுவதில்லை. எழுந்து போய் முதலில் கையை அலம்பிவிட்டு வருகிறார்.