சும்மா இருப்பதற்கு மானியம்

தரிசாகக் கிடக்க வேண்டிய வயலில் ஒரு பூசணிக்கொடி முளைத்துவிட்டது. பெரியவருக்குத் தூக்கம் போயிற்று.

விதை வாங்க மானியம் கேட்டு அவர் நடையாய் நடந்த காலத்தில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். விதைக்காமல் இருப்பதற்கான மானியமோ தானாக வீடு தேடி வந்தது. நெஞ்சைக் கிழித்துத் தைத்த டாக்டர், "இனி மண்வெட்டியைத் தொட்டா என்கிட்ட வர வேண்டாம், நேரா மேல போயிடலாம்" என்று சொல்லி அனுப்பிய மாதம், நகரத்தில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நிலத்தை ஒரு வருஷம் சும்மா போட்டா அரசாங்கம் மாசாமாசம் பணம் தருது. உங்க பேருல எழுதிப் போட்டுட்டேன். ஒத்தைச் செடி இருந்தாலும் நிறுத்திடுவாங்க. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, போட்டி ஜாஸ்தி."

பணம் வந்தது. மருந்தும் அடுப்பும் அதில்தான் ஓடின. மகள்தான் முன்போல ஊருக்கு வருவதில்லை. பஸ்ஸில் கூட்டமாம்.

இப்போது இந்தக் கொடி.

"பிடுங்கி எறியுங்க" என்றாள் மனைவி.

"பூ விட்டிருக்குடி."

"அதனால?"

"பூ விட்டதைப் போய் எப்படிப் பிடுங்குறது?"

சருகு போட்டு மூடினார். அடியில் ஈரம் நின்று, கொடி இரண்டு மடங்கு ஓடியது. மறைப்பாகப் பசுவைக் கொண்டுவந்து கட்டினார். அது சொரசொர இலையை முகர்ந்துவிட்டு, தன் பங்குக்கு எரு போட்டது. கடைசியில் கொடியை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பக்கத்து வயல்காரர், "பாவம், உடம்பு முடியாத மனுஷன்" என்று அக்கறையாக எடுத்து இந்தப் பக்கமே விட்டார். நல்லவர்களை வைத்துக்கொண்டு ஒரு திருட்டுத்தனம் செய்ய முடியாது.

காய் குடம் அளவுக்குப் பருத்தது. அந்த நேரம் பார்த்து வேளாண்மை அலுவலக ஜீப் வரப்போரம் வந்து நின்றது.

பெரியவர் காயின்மேல் துண்டைப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன்" என்று முணுமுணுத்தாள் மனைவி. "உக்காந்து மறைக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

இறங்கிய அதிகாரி சின்னப் பெண். மகள் வயதுதான் இருக்கும்.

"ஏரிக்கு எப்படிப் போகணுங்க ஐயா?"

வழி காட்ட எழுந்தார். எடை தாங்காமல் காம்பு ஒடிந்திருந்த பூசணி, உருண்டு போய் அவள் காலடியில் நின்றது.

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அது தானா முளைச்சதும்மா. நான் மண்வெட்டியைத் தொடவே இல்ல. மானியத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

"எந்த மானியம்?"

"நிலத்தைச் சும்மா போட்டதுக்கு, மாசம் பொறந்ததும் டாண்ணு வருமே, அதும்மா."

அவள் குனிந்து பூசணியைத் தூக்கினாள். மண்ணைத் தட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"மாசம் பொறந்ததும் டாண்ணு நாங்க யாருக்கும் எதுவும் குடுத்ததே இல்லைங்க ஐயா. உங்களுக்கு வேலைக்குப் போற பொண்ணு யாராவது இருக்காங்களா?"