காதால் படம் பிடிக்கிறவர்

உங்கள் கேமராவைக் கடைசியாக எப்போது உறையிலிருந்து வெளியே எடுத்தீர்கள்? கேமரா இல்லையா, சரி, கைபேசியிலாவது நல்லதாக ஒரு படத்தைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? யோசிக்கிறீர்கள். கேள்வியை மாற்றிப் போடுகிறேன். படம் எடுப்பது எப்படி என்று யாராவது பேசுவதைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நேற்று. இல்லாவிட்டால் இன்று காலை. இந்தப் பதில் மட்டும் இவ்வளவு வேகமாக வருகிறதே, அதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் நம்மிடையே ஒரு புதிய இனம் பெருகி வருகிறது. அந்த இனத்தாருக்குக் கண் இருக்கிறது. கழுத்தில் கேமரா தொங்குகிறது. வெளியே வெளிச்சம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. இருந்தும் அவர்கள் படம் பிடிப்பது காதால்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. பை வைத்த சட்டைக்கு மேல் இன்னும் அதிகப் பை வைத்த ஓர் அங்கி போட்டிருப்பார்கள். அந்தப் பைகளில் லென்ஸ் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒன்றில் இயர்போன், இன்னொன்றில் அந்த இயர்போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் போட்டுக்கொள்ள வேறோர் இயர்போன், மூன்றாவதில் இரண்டுக்கும் சார்ஜர். வழியில் அந்திவானம் செக்கச்செவேலென்று பற்றி எரிந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அந்திவானத்தை எடுப்பது எப்படி என்ற உரையாடல் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது வானம் குறுக்கே வந்தால் தொந்தரவுதானே?

அவர்களுடைய வாழ்நாள் வேட்டை ஒன்றே ஒன்று: கேட்கத் தகுந்த புகைப்படப் பாட்காஸ்ட். அது கிடைப்பது குதிரைக் கொம்பு என்று அவர்களே பெருமூச்சு விடுவார்கள். ஒரு பாட்காஸ்டில் இரண்டு நண்பர்கள் பாதி நேரம் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு மீதி நேரம் எதற்குச் சிரித்தோம் என்று விளக்குகிறார்கள், இன்னொன்றில் பேசுபவர் குளியலறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்ததுபோல் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கிறது, வேறொன்றில் லென்ஸின் நிறம், எடை, குணம் எல்லாம் பெண் பார்க்கப் போனவர்கள் பேசுவதுபோல் பேசப்படுகின்றன, மற்றொன்றில் ஒளியின் ஆன்மாவைப் பற்றி உருகிக்கொண்டிருக்கும்போதே குரல் மாறாமல் மெத்தை விற்கிறார்கள். எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சரியில்லை என்பார்கள். அதுதான் இந்த இனத்தின் நேர்மை.

நான் நெருங்கிப் பழகிய ஒருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வையைச் சோதிப்பவர். இருட்டறையில் உங்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?” என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் அவருடைய ஒரு காதில் யாரோ நிழலைப் பற்றி ஏதோ அற்புதமாகச் சொல்லிவிடுவார்கள். அவர் அப்படியே நின்றுவிடுவார். நீங்கள் மங்கலான எழுத்துகளை வெறித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டிலும் சொந்தத்திலும் அவருக்குப் பெயர் ‘போட்டோக்காரர்’. அவர் எடுத்த படத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெரிய கலைஞர் என்று எல்லோரும் நம்புகிறார்கள். யாரும் பார்க்காமலே எல்லோராலும் நம்பப்படும் வேறு சிலரும் உலகத்தில் உண்டு. அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.

ஒருமுறை அவருடைய மகளுக்கு அடையாள அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. சுவரைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், முகத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் விழவேண்டும் என்பதில் இரண்டு பாட்காஸ்ட்காரர்களுக்கு இடையே கருத்து வேறுபாடு இருப்பதை விளக்கினார். விளக்கி முடித்தபோது எதிரே யாரும் இல்லை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போயிருந்தார்.

இதுவரை சிரித்தாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு தங்கை. தொடக்கப் பள்ளி ஆசிரியை. பள்ளியை ஒட்டி ஒரு சரக்குக் கிடங்கு இருக்கிறது. தினமும் காலையில், சரியாகப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு, கிடங்கின் லாரி பின்சக்கரங்களை நடைபாதைமேல் ஏற்றி நின்றுவிடும். பிள்ளைகள் சாலையில் இறங்கி, விரையும் வண்டிகளை ஒட்டி நடந்து, லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறவேண்டும். போன மாதம் ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி ஒரு சிறுமியின் பையில் மாட்டி இழுத்துவிட்டது. முழங்கையில் கட்டோடு போயிற்று. அடுத்தது முழங்கையோடு போகாது என்று தங்கைக்குத் தெரியும். ஆகவே நகர அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்.

கிடங்கு முதலாளி வந்தார். அப்படி ஒரு லாரி அங்கே நிற்பதே இல்லை என்றார். அலுவலகம் தங்கையிடம் ஆதாரம் கேட்டது. ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் இன்னொரு பிள்ளை என்று சாலையைக் கடக்கும் அவசரத்தில் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை அவள் நீட்டினாள். விசாரணை அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாரியாகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம் என்றார். அவருடைய அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். ஆனால் நம் நீதிக்கு நடக்கத் தெரியாது. காயம்பட்டவர்கள்தான் காயத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் மேசைமேல் வைக்கவேண்டும், அதுவும் தெளிவான படமாக. தவணை ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்கும் தெளிவான படம் இல்லையென்றால் புகார் தள்ளுபடி.

தங்கை அண்ணனிடம் ஓடி வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

அண்ணன் நெகிழ்ந்துபோனார். கண்டிப்பாக எடுத்துத் தருகிறேன் என்றார். ஆனால் இது விளையாட்டில்லை, சமூகப் பொறுப்புள்ள படம், இதற்குத் தனியாகத் தயாராக வேண்டும் என்றார். தயாரிப்பு அன்றே தொடங்கியது. என்ன தயாரிப்பு என்று கேட்கிறீர்களா? லாரியைப் படம் எடுப்பது பற்றிய நல்ல பாட்காஸ்டைத் தேடுவதுதான்.

லாரிக்கென்று எதுவும் அகப்படவில்லை. கப்பலைப் பற்றி ஒன்று இருந்தது. பெரிய உருவம் என்ற வகையில் பொருந்தும் என்று அதைக் கேட்டார். தெருப்படக்காரர் ஒருவர் கேமரா சிறியதாக இருக்கவேண்டும் என்றார். இன்னொரு தெருப்படக்காரர் கேமராவைவிட மனம் பெரியதாக இருக்கவேண்டும் என்றார். எடுக்கப்படுபவரிடம் அனுமதி கேட்பதே அறம் என்றார் மூன்றாமவர். இது நம்மவரை ஆட்டிவிட்டது. அனுமதி கேட்டால் ஓட்டுநர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேட்காவிட்டால் அறம் போய்விடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க அறம் பற்றிய தொடர் ஒன்றை முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தார். லாரி அன்றாடம் வந்து நின்றுகொண்டிருந்தது.

தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

“என்னண்ணா, கெடச்சுதா?”

“அருமையான எபிசோடு ஒண்ணு கெடச்சிருக்கும்மா.”

“நான் லாரியக் கேட்டேன்.”

பிறகு அண்ணியிடம் பேச வேண்டும் என்றாள். இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரணைக்கு முந்தின நாள் காலையில் நம்மவரின் மனைவி அவரை எழுப்பி, அங்கியை மாட்டிவிட்டு, கேமராவையும் முக்காலியையும் கையில் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். இயர்போன் ஏற்கெனவே காதில் இருந்தது. அதைக் கழற்றிவிட மறந்துவிட்டேனே என்று மனைவி பின்னால் வருத்தப்பட்டார்.

லாரி நின்றிருந்தது. நம்மவர் எதிர்ப்புறம் முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்தி லாரிக்கு நேராகத் திருப்பினார். முக்காலியின் ஒரு கால் இன்னும் சரியாக நீளவில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் காதுக்குள் ஒரு மென்மையான குரல் பேசத் தொடங்கியது. இவ்வளவு நாள் தேடிய எபிசோடு அது.

அவசரப்படாதீர்கள், என்றது குரல். கேமராவை விட்டு விலகுங்கள். காட்சிக்குள் நடந்து போங்கள். அதன் நடுவே நில்லுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழுவதை உணருங்கள்.

நம்மவர் கேமராவை விட்டு விலகினார். சாலையைக் கடந்து லாரியின் பக்கத்தில் போய் நின்றார். முகத்தை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

யோசித்துப் பாருங்கள். மேடைமேல் உயர்ந்த ஆசனம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னவர்களை எதிர்த்து எத்தனை பேர் தொண்டை வறளப் பேசியிருக்கிறார்கள். ஏன், எதற்கு என்று கேள் என்று எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் படித்த நாம் அந்தக் குருவை மேடையிலிருந்து இறக்கிக் காதுக்குள் குடிவைத்துவிட்டோம். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர், ஏதோ பிரார்த்தனையில் இருக்கிறார்போல என்று மரியாதையாக விலகிப் போனார். அவர் ஊகித்ததில் தவறே இல்லை.

அந்த நேரத்தில் தங்கை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். நடைபாதை அடைபட்ட இடத்தில் வரிசை சாலையில் இறங்கியது. சுமை இறக்கி முடிந்ததும் லாரியின் இன்ஜின் உறுமத் தொடங்கியது. தங்கை அண்ணனைக் கூப்பிட்டாள். வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத உயர்ரக இயர்போன் அது. மறுபடியும் கூப்பிட்டாள். முகத்தில் வெளிச்சம் வழிய அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையைச் சக ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு அவள் எதிர்ப்புறம் ஓடினாள். கேமராவின் தலையில் ஒரு திருகு சக்கரம் உண்டு. அதில் பச்சை நிறத்தில் ஒரு குறி. அங்கே திருப்பிவிட்டால் கேமரா எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். அதைத் தொடுபவன் கலைஞனே அல்ல என்று எல்லாப் பாட்காஸ்ட்களும் ஒருமனதாகத் தீர்மானித்திருப்பதால், வாங்கிய நாள் முதல் நம்மவர் அந்தப் பக்கம் விரலையே கொண்டு போனதில்லை. தங்கைக்கு அந்தத் தீர்மானம் தெரியாது. பச்சைக்குத் திருப்பினாள். அழுத்தினாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அழுத்தினாள். லாரி போய்விட்டது.

நம்மவர் கண்ணைத் திறந்தார். கேமராவிடம் திரும்பி வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, “இப்ப நான் ரெடி” என்றார்.

மறுநாள் அந்தப் படம் அதிகாரியின் மேசைக்குப் போனது. லாரியின் எண் பளிச்சென்று தெரிந்தது. நடைபாதைமேல் ஏறிய சக்கரங்கள், சாலையில் இறங்கிய பிள்ளைகள், பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை, எல்லாம் தெரிந்தன. கிடங்கு முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு மட்டும் ஒரு நிமிடம் நின்றிருக்கலாம் என்று முணுமுணுத்தார். அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. படத்தின் நடுவில் லாரியை ஒட்டி, முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கண்ணை மூடி நின்ற உருவத்தின்மேல் விரலை வைத்தார்.

“இது யாரும்மா? லாரி இடிச்சிருச்சா இவரை?”

“இல்ல சார். எங்க அண்ணன்.”

“என்ன பண்றார்?”

“போட்டோ எடுக்கிறார் சார்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். லாரி இனிக் கிடங்குக்குள்தான் நிற்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த வாரம் நடைபாதை ஓரத்தில் இரும்புத் தூண்கள் நட்டார்கள். பிள்ளைகள் இப்போது நேராக நடந்து போகிறார்கள். தூண்களை ஆளுக்கொரு தட்டு தட்டிக்கொண்டு போகிறார்கள்.

நம்மவர் படத்தைப் பார்த்தார். நல்ல படம்தான், ஆனால் சாய்ந்திருக்கிறது என்றார்.

“சாஞ்சிருந்தா தலையச் சாச்சுப் பாருண்ணா” என்றாள் தங்கை.

இப்போது அவர் பாட்காஸ்ட் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? தற்செயலாக அமையும் படங்களின் அழகைப் பற்றிய ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் பாட்காஸ்ட்களுக்கும் பகை ஒன்றும் இல்லை. நல்லவை இருக்கின்றன. கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன்: எதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுக் கேமராவோடு வெளியே ஓடவேண்டும் என்று தோன்றுகிறதோ, அதுவே கேட்கத் தகுந்தது. முழுதாகக் கேட்க முடிகிறது என்றால் அதில் ஏதோ கோளாறு. உங்களிடமோ, அதனிடமோ.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி. அநியாயத்தைக் கண்டித்து யாராவது ஆவேசமாகப் பேசினால் கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, கைதட்டி, என்னமாய்ப் பேசினார் என்று வியந்தபடி வீட்டுக்கு வந்து படுத்ததில்லையா நீங்கள்? அன்று உங்கள் கண் திறந்துதான் இருந்ததா? இந்தக் கட்டுரையை மட்டும் எதற்காக இவ்வளவு தூரம் படித்தீர்கள்? நன்றாக எழுதியிருக்கிறது என்று தலையாட்டவா?

அந்த லாரி கிடங்குக்குள் நிற்பதில்லை. பக்கத்துத் தெரு ஒன்றுக்கு இடம் மாறிவிட்டதாகக் கேள்வி. எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. உங்கள் தெருவாக இருக்கலாம். எழுந்து வெளியே போய்ப் பாருங்கள். நின்றால் எடுங்கள். எண் தெரிகிற மாதிரி எடுங்கள்.